குமாரி ஏறினால் நிற்கும் வண்டி

"சாமி, நான் சொல்றத கேட்டு நீங்க சிரிக்கக் கூடாது" என்றார் துலுக்காணம்.

செவிலிமேட்டில் என் வண்டி ரிப்பேர்க் கடை வாசலில் அவருடைய வெள்ளை பிக்கப் நின்றிருந்தது. முன்கண்ணாடியில் காய்ந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. கடையில் என்னைத் தவிர யாருமில்லை. இருந்தாலும் அவர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"என் சம்சாரம் ஏறுனா வண்டி இழுக்க மாட்டேங்குது. அவ எறங்குனா ஓடுது."

நான் சிரித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் பாதிச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

என்னை இந்தப் பக்கத்தில் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். நெற்றியில் நாமத்தோடு வண்டிக்கு அடியில் படுத்து ஒயர் பிடிக்கிற ஆள் நான் ஒருவன்தான். எந்தக் கலை நாமம் என்று மட்டும் கேட்காதீர்கள். சின்னக் காஞ்சிபுரத்தில் பிறந்தவன் அதற்குப் பதில் சொன்னால் இந்தத் தொடரைப் படிப்பவர்களில் பாதிப் பேர் போன வாரத்தோடு நின்றுவிடுவார்கள்.

துலுக்காணம் மாகறல்காரர். கத்தரி, வெண்டை, புடலை போட்டுக் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்கு ஏற்றி வருவார். வீட்டில் ஒரு தறி உண்டு. அதில் அவர் மனைவி குமாரி பட்டு நெய்தார். புடவை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு வண்டியில் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து ஊருக்கு வருவார். பட்டுக் கடையில் கொடுத்துவிட்டு அடுத்த புடவைக்கான பாவு நூல் வாங்கிக்கொண்டு திரும்புவார். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டேன்.

"ஆயுத பூஜ கழிச்சி சாமி. அதுக்கு முன்னால நல்லாதான் ஓடிக்கினு இருந்துது."

"வேற யாராவது அந்த சீட்டுல உக்காந்தா?"

"ஒண்ணும் ஆவல. எங்கம்மா உக்காந்தாங்க, மச்சான் உக்காந்தான், காய் மூட்டைய வெச்சி கூட பாத்துட்டேன். அவ உக்காந்தாதான்."

பிறகு அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு முழுசாகவே போய்விட்டது. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருக்கிறார்கள். முன்னால் குமாரி, பின்னால் ஜமக்காளம் விரித்து மற்றவர்கள். பாலாற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி முனகிக்கொண்டு நின்றது. பின்னால் இருந்தவர்களை இறக்கினார்கள், ஏற்றினார்கள், பயனில்லை. கடைசியில் துலுக்காணத்தின் அம்மா மருமகளை மட்டும் இறங்கச் சொன்னார். இறங்கினார். மறுபடி சாவி போட்டதும் வண்டி ஓடியது. இத்தனை சொந்தக்காரர் முன்னிலையில்.

"அவளுக்கு ராசி இல்ல, இனிமே ஏற வேணாம்னு எங்கம்மா அங்கயே சொல்லிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் இன்னா சொல்றது." தரையைப் பார்த்தார். "வர்ற முகூர்த்தத்துல அவ தம்பிக்கு கல்யாணம் சாமி. சீர் தட்டெல்லாம் ஏத்திக்கினு நாங்க வண்டியில போறது, அவ மட்டும் பஸ்ல வர்றதுன்னு முடிவாயிருக்குது. பொறந்த ஊட்டு வாசலுக்கு அவ பஸ் ஸ்டாப்புலேர்ந்து நடந்து வந்தா நல்லாவா இருக்கும்? வண்டிய வித்துடலாமான்னு பாக்கறேன்."

கம்பியை இழுத்தால் நிற்கும் காலம்

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் டீசல் வண்டிக்கு மின்சாரம் ஒரு விருந்தாளி மாதிரி. ஸ்டார்ட் ஆகும்வரை அதன் தயவு வேண்டும். அப்புறம் விளக்கு எரியாவிட்டாலும் ஹாரன் அடிக்காவிட்டாலும் இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடும். நிறுத்துவதற்கு டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கம்பி. அதை இழுத்தால் நிற்கும். எனக்கு வேலை டைனமோவும் செல்ஃப் மோட்டாரும்தான்.

என் அப்பா வரதர் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சொல்பவர். பிள்ளை டிப்ளமோ முடித்ததும் கோட்டு போட்டுக்கொண்டு மெட்ராஸில் ஏதாவது ஆபீசுக்குப் போவான் என்று நம்பிக்கொண்டிருந்தார். நான் கிரீஸ் கையோடு வீட்டுக்கு வந்த முதல் நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடியில் எனக்காகத் தனியாக ஒரு சோப்பு வாங்கி வைத்தார். அதுதான் அவருடைய சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் இந்தப் புது வகை டீசல்கள் வந்தன. கம்பி போய் கம்ப்யூட்டர் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்பு ஒரு கேபிள் இழுபடும். இப்போது பெடலுக்குள் ஒரு சென்சார் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு மிதிக்கிறார்கள் என்று ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது.

சொல்வது ஒரு சென்சார் அல்ல, இரண்டு. கோர்ட்டில் இரண்டு சாட்சி கேட்பது போலத்தான். முதல் சாட்சி நாற்பது என்றால் இரண்டாவது சாட்சி இருபது என்று சொல்ல வேண்டும். எப்போதும் அதில் பாதி. அப்படிச் சொன்னால்தான் கம்ப்யூட்டர் நம்பும். கொஞ்சம் மாறினாலும் இருவரையும் நம்பாமல் இன்ஜினை மெல்லிய ஓட்டத்தில் போட்டுவிடும். நீங்கள் பெடலைத் தரையோடு மிதித்தாலும் மாட்டுவண்டி உங்களை முந்திப் போகும். சாவியை அணைத்துப் போட்டால் பழைய கோபத்தை மறந்துவிட்டு மறுபடி ஓடும்.

துலுக்காணத்தின் வண்டியில் என் ஸ்கேனர் பெட்டியைச் செருகியதும் அதுதான் வந்தது. சாட்சிகள் ஒத்துப்போகவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். இதில் என்ன ராசி, பெடலை மாற்றினால் தீர்ந்தது என்று, தெரிந்த கடையிலிருந்து ஒரு பெடலை வாங்கிவந்து போட்டேன். துலுக்காணம் ஊருக்குப் போய், அம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து மனைவியை ஏற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறார். தெருமுனை தாண்டவில்லை.

அடுத்த இரண்டு மூன்று நாள் நான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எர்த் பார்த்தேன். பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். பெடலிலிருந்து கிளம்பும் ஒயரை எட்டுகிறவரை இழுத்துப் பார்த்தேன். கனெக்டர்களைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். இடது சீட்டில் மணல் மூட்டை வைத்து ஓரிக்கை வரை ஓட்டினேன். துலுக்காணத்தையே அங்கே உட்காரவைத்து ஓட்டினேன். வண்டி சொன்னபடி கேட்டது.

"பாத்தீங்களா" என்றார் துலுக்காணம். அவர் குரலில் இருந்த வருத்தம் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

கதவுக்குப் பின்னால்

எனக்கு ஏன் அத்தனை எரிச்சல் என்று சொல்ல வேண்டுமானால் என் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பாவின் தங்கை. சின்ன வயதிலேயே கணவர் போய்விட, எங்களோடு இருந்தாள். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் அத்தை தானாகவே சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். போ என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். யாரும் சொல்லாமலே அது நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நான் பாலிடெக்னிக் பரீட்சைக்குப் போகும்போது வேண்டுமென்றே அந்தக் கதவை இழுத்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். "போடா அசடு" என்று துரத்துவாள். ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். எல்லாப் பரீட்சையிலும் தேறினேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்கு நான் படிக்கவில்லை.

பாலத்தின் நடுவில் தனியாக இறங்கி நின்ற குமாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்தது.

"நாளைக்கு உங்க சம்சாரத்தை இங்க கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"எங்கம்மா வுட மாட்டாங்களே."

"சாமி சொன்னார்னு சொல்லுங்க."

அந்தப் பெயரை என் வசதிக்கு நான் பயன்படுத்தியது அன்று ஒருநாள்தான். மறுநாள் வண்டி முன்னால் வந்தது. குமாரி பின்னால் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார்.

மடியில் பட்டு

ஒல்லியான, வேகமான அம்மாள். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து தோள் லேசாக முன்னால் வளைந்திருந்தது. வண்டியைத் தொடாமல் தள்ளியே நின்றார்.

"நான் ஏறுனா நிக்குதுன்னா நான் இன்னா சாமி பண்றது. அதுக்கு என்ன புடிக்கல போல" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். கண் அப்படிச் சொல்லவில்லை.

நான் ஓட்டினேன். நடுவில் ஸ்கேனரைக் கையில் பிடித்தபடி துலுக்காணம், ஜன்னலோரம் குமாரி. இரண்டு சாட்சிகளின் எண்களையும் அவர் சத்தமாகப் படித்துக்கொண்டே வர வேண்டும் என்று ஏற்பாடு. ஓரிக்கை போனோம். திரும்பினோம். வண்டி பட்டாம்பூச்சி மாதிரி ஓடியது.

துலுக்காணத்துக்கு அவமானம். "இன்னிக்கின்னு பாத்து ஓடுது சாமி. நான் பொய் சொல்லல."

கடை வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு நான் தலையைச் சொறிந்தேன். வண்டி பழுதாகாததற்காக ஒரு மெக்கானிக் இவ்வளவு வருத்தப்பட்டு நான் கண்டதில்லை.

"ஏம்மா, நீங்க வண்டியில வர்றப்ப இருக்கறதுக்கும் இன்னிக்கு இருந்ததுக்கும் என்ன வித்தியாசம்? எது தோணினாலும் சொல்லுங்க."

குமாரி யோசித்தார். "இன்னிக்கு வெறுங்கையா வந்தேன். எப்பவும் மடியில பொடவ இருக்கும். காதுகுத்துக்கு போனப்ப கூட முறைக்கு வெச்சித் தர்ற பட்டு நான்தான் மடியில வெச்சிக்கினு இருந்தேன்."

"அன்னிக்கி தெருமுனையில?" என்று துலுக்காணத்தைக் கேட்டேன்.

"முடிஞ்ச பொடவ இருந்துது சாமி. அப்படியே கடைக்கு குடுத்துட்டு வரலாம்னு."

"மடியில இருந்தா என்ன? மூட்டை முடிச்சை எல்லாரும் மடியில வெச்சிக்கிறாங்க."

"மூட்டையா இருந்தா கால்கிட்ட வெச்சிடுவேன் சாமி. பட்ட கீழ வெப்பாங்களா? வண்டி குலுங்கினா மடியிலேர்ந்து வழுக்கும். முட்டிய தூக்கி பிடிச்சிக்குவேன்."

முட்டியைத் தூக்கினால் பாதம் எங்கே போகும்? எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் ஊகத்தை வைத்துப் பேசினால் போதாது, வண்டி நிற்க வேண்டும். அதற்கு ஒரு பட்டுப் புடவை வேண்டும்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. என் மனைவி ரங்கநாயகியிடம் போய்க் கேட்டேன்.

"கூறப்பொடவையா? என்னத்துக்கு?"

"வண்டி ரிப்பேருக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. "உங்க கிரீஸ் கையால தொடப்போறேளா?"

"நான் தொட மாட்டேன். நெய்யறவா மடியில இருக்கும். வேற ஏதாவது மூட்டையைக் குடுத்தா அந்தம்மா கால் மேல வராது. பட்டா இருக்கணும்."

விஷயம் முழுவதையும் சொன்னேன். பாலத்தையும் சொன்னேன். ரங்கநாயகி பீரோவைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய புடவையைத் தானே கொண்டுவந்து குமாரியின் கையில் கொடுத்தாள். குமாரி துணியை லேசாக விலக்கி ஜரிகையை விரலால் தடவினார். "நல்ல கை நெய்ஞ்சிருக்குது" என்றார். ரங்கநாயகிக்குப் பெருமை தாங்கவில்லை.

அசையாதீங்க

மறுபடி கிளம்பினோம். இந்த முறை குமாரியின் இரண்டு பாதங்களும் முன்சுவரில், டேஷ்போர்டுக்குக் கீழே கம்பளி விரிப்பு மேலேறி மடிகிற இடத்தில் அழுத்தி ஊன்றியிருந்தன. அவருக்கே அது தெரியாது. அவர் கவனமெல்லாம் மடியில்.

"மேல நாப்பது, கீழ இருவது" என்று பாடம் படிப்பது போல் படித்துக்கொண்டு வந்தார் துலுக்காணம். "மேல அறுவது, கீழ முப்பது."

பாலாற்றுப் பக்கம் திரும்பும் இடத்தில் சாலை நார்நாராகக் கிழிந்திருந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"மேல முப்பத்தஞ்சு, கீழ முப்பத்தஞ்சு. சாமி, ரெண்டும் ஒண்ணாயிடுச்சி."

இன்ஜின் சோர்ந்தது. பெடலை மிதித்தேன், கேட்கவில்லை. வண்டி ஓரமாக ஊர்ந்து நின்றது.

குமாரியின் கை கதவுக் கைப்பிடிக்குப் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தானாகவே போனது. "நான் எறங்கிடறேன்" என்றார், புடவையைக் கணவர் பக்கம் நீட்டியபடி.

"எறங்காதீங்க" என்றேன். என் குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "அசையாதீங்கம்மா. கால் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். நீங்க இருந்தாதான் எனக்கு வேலை ஆகும்."

அவர் அப்படியே உட்கார்ந்தார். அந்த வண்டியில் அவரை இருக்கச் சொல்லி யாரும் கேட்டு ரொம்ப நாளாகியிருக்கும்.

"இப்ப இடது காலை மட்டும் எடுங்க." எண்கள் மாறவில்லை. "வலது காலையும் எடுங்க."

"மேல இருவது, கீழ பத்து" என்றார் துலுக்காணம். பெட்டியையும் மனைவியின் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் இறங்கி அந்தப் பக்கம் போய், கதவைத் திறந்து, தலையைக் கீழே விட்டு விரிப்பின் மடிப்பை உரித்தேன். பெடலிலிருந்து இடதுபக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகிற ஒயர்க் கட்டு அங்கே இருந்தது. எலி கடித்து இரண்டு ஒயர்களில் செம்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தின் மேலேயே, பழைய டேப்புக்குப் பதிலாக, நெருக்கமாக, அழகாக ஒரு நூல் சுற்றப்பட்டு முடிச்சிடப்பட்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அது பளபளத்தது.

ஜரிகை. பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம். மின்சாரம் பாய அதைவிட நல்ல வழி வேண்டுமா? பாதம் அழுத்தும்போது இரண்டு செம்பையும் அது இணைத்துவிடும். இரண்டு சாட்சிகளும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த நாட்டில் வேறு எந்த ஊர் மெக்கானிக்குக்கும் இந்தப் பழுது கிடைத்திருக்காது. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் யார் கட்டியது என்று கேட்க வேண்டியதே இல்லை. இதைச் சொன்னால் மாகறலில் என்ன பேச்சு வரும்? பார்த்தாயா, கடைசியில் அவளால்தான் என்பார்கள். தலையை வெளியே எடுக்காமலே யோசித்தேன். எலி என்று மட்டும் சொல்லிவிடலாம். அதுவும் பொய்யில்லை.

"அது நான் கட்டுனது சாமி" என்றார் குமாரி. மேலேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆயுத பூஜைக்கு தறியில ஒரு இழ ஜரிகை கட்டுவேன். வண்டிக்கும் கட்டலாம்னு பாத்தேன். இங்க டேப்பு கிழிஞ்சி ஒயர் தொங்கிக்கினு இருந்துது. அதையே சேத்து கட்டி, அசிங்கமா தெரியக் கூடாதுன்னு துணிக்குள்ள சொருவிட்டேன். அதாலயா?"

இனி மறைப்பதற்கில்லை. "அதாலதாம்மா."

ஒரு லாரி எங்களைக் கடந்து போனது.

"ஒண்ணு கேக்கறேன் சாமி. நான் ஏறுனதால நின்னுதா, நான் கட்டுனதால நின்னுதா?"

"கட்டினதாலதான். இதே ஜரிகை இருந்து, இவர் இந்த இடத்துல கால் வெச்சிருந்தாலும் நின்னிருக்கும்."

"அப்ப அவுத்துட்டா முடிஞ்சிது."

நான் கட்டரை எடுத்தேன். "அறுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, குமாரி புடவையைச் சீட்டில் வைத்து, குனிந்து, நகத்தால் எங்கோ ஒரு இடத்தைத் தொட்டார். அத்தனை இறுக்கமான முடிச்சு சொன்ன பேச்சைக் கேட்டதுபோல் அவிழ்ந்து வந்தது. இழையை விரலில் சுற்றிக்கொண்டார்.

"எங்கம்மாகிட்ட இன்னான்னு சொல்றது" என்றார் துலுக்காணம், பாதி தனக்குத்தானே.

"உள்ளத சொல்லு. ஜரிகைய கட்டி நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லு, பரவால்ல. ராசி இல்லன்னு மட்டும் இனிமே சொல்லாத."

குமாரி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சோறு வேகவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று சொல்வதுபோல்தான் சொன்னார். துலுக்காணம் "சரி" என்றார்.

போன புடவை

கடைக்கு வந்து ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு, டேப் சுற்றினேன். அதன்மேல் ஒரு கட்டு வேண்டாமா என்று குமாரி கேட்டார். வெறும் பருத்தி நூல் என்றால் சரி என்றேன். கட்டினார். என் வேலையைவிட அது பார்க்க நன்றாக இருந்தது.

ரங்கநாயகி வாசலில் நின்று எல்லாக் கதையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். துலுக்காணம் சுற்றிவந்து இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டார். அவர் அப்படிச் செய்து குமாரி பார்த்ததே இல்லை போலிருக்கிறது, ஒரு கணம் தயங்கினார். பிறகு ஏறி, மடியில் இருந்ததை இறுக்கிப் பிடித்து, பாதங்கள் இரண்டையும் அதே இடத்தில் நன்றாக அழுத்தி ஊன்றினார்.

"இப்ப ஓட்டு" என்றார்.

வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. புழுதி அடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. மடியில் இருந்தது கூறைப்புடவை.

"அடடா" என்று தெருவுக்கு ஓடப் போனேன். ரங்கநாயகி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கிரீஸ் சட்டை என்பதைக்கூடப் பார்க்கவில்லை.

"கூப்பிடாதேங்கோ. நான் பாத்துண்டுதான் இருந்தேன்."

"பின்ன ஏன் சொல்லலை?"

"நாளைக்குத் திருப்பிக் கொண்டு வரணுமோல்லியோ?" என்றாள்.

மறுநாள் காலை வெள்ளை பிக்கப் வாசலில் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து குமாரி இறங்கினார். வெள்ளைத் துணி முன்பைவிட ஒழுங்காக மடித்துச் சுற்றியிருந்தது. புடவையை ரங்கநாயகியின் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"நான் பஸ்ஸுக்குதான் கெளம்புனேன். எங்க மாமியார் புடிச்சி திட்டுனாங்க. சாமி ஊட்டு கூறப்பொடவ, அத மடியில வெச்சிக்கினு பஸ்ல இடிபட்டுக்கினு போவியா, வண்டியில ஏறுன்னு."

ரங்கநாயகி என் பக்கம் திரும்பவே இல்லை. காபி போட உள்ளே போனாள்.